13700எச்சும் 13700-ம் ஒண்ணா? 28 விநாடி கழிச்சுப் பேசுவோம்

காசிமேடு கூலர்:
நம்ம ஏரியா கம்ப்யூட்டர் குரூப்ல இன்டெல் பிராசசர் பத்தி நேத்து வந்த பதிவு இது: "ஐ7-13700எச் லேப்டாப்பும் ஐ7-13700 டெஸ்க்டாப்பும் ஒரே சிப்பு. எச்-ங்கிறது சும்மா ஒரு எழுத்து." படிச்சதுமே பத்திக்கிட்டு வந்துச்சு. டெஸ்க்டாப் 13700-ல பெரிய கோர் (வேலை செய்யுற பகுதி) 8, சின்ன கோர் 8, 24 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை), 30 எம்பி கேஷ் (சிப்புக்குள்ள இருக்கிற மெமரி). 13700எச்-ல பெரிய கோர் 6, சின்னது 8, 20 த்ரெட், 24 எம்பி. இதுல எங்கய்யா ஒரே சிப்பு? டர்போ (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வேகத்தை ஏத்துறது) உச்சம் அங்க 219 வாட்ஸ், இங்க 115. அந்த 115-ம் 28 விநாடியோ 56 விநாடியோதான் தாங்கும். அப்புறம் லேப்டாப் கம்பெனி வெச்ச அளவுக்கு இறங்கிடும். இன்டெல் சொல்ற அடிப்படை 45 வாட்ஸ்.

வியாசை வோல்ட்:
பதிவு போட்டது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பயப்படத் தேவையில்ல. சினிபெஞ்ச் ஆர்23 (பிராசசர் வேகத்தை அளக்குற சாஃப்ட்வேர்) ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்துதான் போட்டேன், அதைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே? டாலி, எக்செல், பிரவுசர் எல்லாம் ஒண்ணு ரெண்டு கோர் வேலை. 5.0-க்கும் 5.2 கிகாஹெர்ட்ஸுக்கும் யார் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்?

காசிமேடு கூலர்:
ஸ்கிரீன்ஷாட்டைப் பெருசு பண்ணிப் பார்த்தாச்சு. குறைந்தபட்ச நேரத்தை அணைச்சு வெச்சிருக்கீங்க. ஆர்23 தானா விட்டா 10 நிமிஷம் ஓடும். நீங்க ஓட்டினது ஒரே ஒரு சுத்து, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அதுல பெரும்பங்கு டர்போவுலயே போயிடும். 28 விநாடிக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு காட்டுங்க.

பெரம்பூர் பழசு:
கூலர் தம்பி பாதிதான் சொல்றாரு. டெஸ்க்டாப் 13700-க்கும் அடிப்படை 65 வாட்ஸ்தான். இன்டெல் சொன்னபடி மதர்போர்டு நடந்தா அதுவும் நேரம் முடிஞ்சதும் 219-ல இருந்து 65-க்கு இறங்கும். 45-க்கும் 65-க்கும் சண்டையா?

காசிமேடு கூலர்:
அண்ணே, பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) பவர் லிமிட் பக்கத்தைத் திறந்து பாருங்க. பி760 போர்டு நிறையதுல நீண்டநேர வாட்ஸ் அளவை ஏத்தி வெச்சே அனுப்புறாங்க. இல்லைன்னா நாமளே ஏத்திக்கலாம். டவர் கூலர் ஒண்ணு போட்டா 28 விநாடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. டப்பாவோட வர்ற கூலரை மாட்டிட்டு, விஆர்எம் (பிராசசருக்குக் கரண்டு குடுக்கிற பகுதி) மேல ஹீட் சிங்க்கே இல்லாத எச்610 போர்டுல உட்கார வெச்சா கீழ இறங்கத்தான் செய்யும். அது போர்டு பார்த்து வாங்காத தப்பு. லேப்டாப்ல எதை மாத்துவீங்க? மே மாசம் நம்ம பக்கம் வீட்டுக்குள்ளயே 36 டிகிரி. சிப்போட எல்லை 100 டிகிரிதான், ரூம் சூடு ஏறினா அந்த எல்லை ஏறாது.

மணலி மெமரி:
13700எச்எக்ஸ்-ங்கிற இன்னொரு லேப்டாப் சிப்பு பத்தி ஏன் யாரும் வாயைத் திறக்கல? 8+8, 24 த்ரெட், 30 எம்பி. டெஸ்க்டாப்புல இருக்கிற அதே சிலிக்கான்தான். வோல்ட் அண்ணன் எச்எக்ஸ்னு சொல்லியிருந்தா கூலர் வாயே திறந்திருக்க முடியாது.

காசிமேடு கூலர்:
நல்லா திறப்பேன். எச்எக்ஸுக்கு அடிப்படை 55, உச்சம் 157. சிலிக்கான் ஒண்ணு, சாப்பாடு வேற. 230 வாட்ஸ் அடாப்டரைப் பிடுங்கிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, 28 விநாடி கூட வேணாம், உடனே படுத்துடும்.

வியாசை வோல்ட்:
28, 28, 28! போன மாசம் ராம் (மெமரி) இழையிலயும் இதே பாட்டுதான், "சிங்கிள் சேனல், சிங்கிள் சேனல்"னு (ஒரே மெமரி குச்சி போடுறது) மூணு பக்கம். கரண்டு போனா உங்க டெஸ்க்டாப் என்ன ஆகும்? அதைப் பேசுங்க. லேப்டாப்ல பேட்டரி உள்ளயே இருக்கு.

மணலி மெமரி:
600 விஏ யுபிஎஸ் போதுமே.

பெரம்பூர் பழசு:
600 விஏ-ன்னா பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். 200 வாட்ஸ் கிராஃபிக்ஸ் கார்டும் 219 வாட்ஸ் பிராசசரும் ஒண்ணா இழுத்தா கரண்டு போன அந்த நொடியே யுபிஎஸ் கத்திட்டு ஆஃப் ஆயிடும். 1 கேவிஏ-வுக்குக் கீழ நினைக்காதீங்க.

காசிமேடு கூலர்:
அது தனி இழை போடுற விஷயம். வோல்ட், ராம் இழையைக் கிளறினதால சொல்றேன்: அந்த ஸ்கிரீன்ஷாட்லயும் ஒரே 8 ஜிபி குச்சிதான் தெரியுது. இன்னொரு சங்கதி. கடற்கரை ஓரம் உப்புக் காத்துல தூசி ஈரமா ஒட்டிக்கும். லேப்டாப் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவுல இருக்கிற சந்து நூல் அளவு. ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சிடும், வெளிய இருந்து ஊதினா வராது. பின்பக்க மூடியைக் கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்து, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு ஊதணும். இதைச் செய்யாதவன் மெஷின்ல 45 வாட்ஸும் நிக்காது.

வியாசை வோல்ட்:
டெஸ்க்டாப்புக்குத் தூசி வராதா? உப்புக் காத்து கேபினெட்டைப் பார்த்தா திரும்பிப் போயிடுமா?

காசிமேடு கூலர்:
வரும். பக்கத்து மூடியைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிட்டுப் போயிடலாம். பேச்சை மாத்தாதீங்க. எச்டபிள்யூ இன்ஃபோ-ங்கிற சென்சார் அளவு காட்டுற சாஃப்ட்வேரைத் திறங்க, "சிபியு பேக்கேஜ் பவர்" வரியைக் கண்ணு முன்னால வெச்சு, ஆர்23-ஐ 10 நிமிஷம் விடுங்க. பத்தாவது நிமிஷத்துல அங்க என்ன எண் நிக்குதோ அதைப் படம் பிடிச்சுப் போடுங்க.

வியாசை வோல்ட்:
நீங்க சொல்ற நேரத்துக்கு ஓட்டணும்னு எனக்கு விதியா? டாலிக்கு 10 நிமிஷ லோடு எவன் குடுக்கிறான்?

காசிமேடு கூலர்:
டாலிக்குன்னு நீங்க எழுதலையே. "ஒரே சிப்பு"ன்னுதான் எழுதினீங்க. பிளெண்டர்ல 3டி ரெண்டரும் 4கே வீடியோ எக்ஸ்போர்ட்டும் 28 விநாடில முடியாது.

மணலி மெமரி:
பழசு அண்ணே, 1 கேவிஏ யுபிஎஸ்ல சைன் வேவ் (வீட்டுக் கரண்டு மாதிரி சீரான அலை) எடுக்கணுமா, சாதாவே போதுமா?

பெரம்பூர் பழசு:
பவர் சப்ளைல ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்க வைக்கிற சர்க்யூட்) இருந்தா சைன் வேவ்தான் நல்லது. சாதால சில சப்ளை கரண்டு மாறுற நேரத்துல ரீஸ்டார்ட் ஆயிடும்.

வியாசை வோல்ட்:
பார்த்தீங்களா, லேப்டாப்புக்கு இந்தத் தலைவலி எதுவுமே இல்ல.

காசிமேடு கூலர்:
ஸ்கிரீன்ஷாட் எங்க?