கேப்டன்: மதுரைக்காரர்களின் மறக்க முடியாத சந்திப்புகள்

திருமங்கலம் வாசகர்:
2023 டிசம்பர் 28. கேப்டன் விஜயகாந்த் மறைந்த செய்தி கேட்டதும் கடையைச் சாத்திவிட்டேன். அன்று இரவே மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். மடியில் துண்டு சுற்றிய விஜயகாந்த் படம், காலடியில் ஈர வாழை இலையில் மடித்த மல்லிகை மாலை. மார்கழியில் மல்லிகை என்ன விலை விற்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வீட்டில் பல வருடமாக மாட்டியிருந்த படம், தம்பி. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக் கூடாது என்று என் வீட்டுக்காரி ஒரு நாளும் போட விட்டதில்லை. இன்றைக்கு அவளே பணம் கொடுத்து வாங்கி வரச் சொன்னாள்" என்றார். பேசும்போதே கண்ணாடியில் காய்ந்திருந்த குங்குமத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார்.

மறுநாள் தீவுத்திடல் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் தள்ளப்பட்டோம். அந்த மாலை போய்ச் சேர்ந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

திருநகர் வாசகி:
2005 செப்டம்பர் 14, கேப்டன் தேமுதிக கட்சி தொடங்கிய மாநாட்டு நாள். எங்கள் திண்ணையெல்லாம் வெளியூர் ஆட்கள். அப்பத்தா குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தார். குடித்த ஒரு பையன் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கள் அண்ணன் முதலமைச்சர் ஆனதும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், ஆத்தா" என்றான். அப்பத்தா சாகும்வரை அவனைப் பற்றிப் பேசினார். எனக்கு கேப்டன் அரசியலுக்கு வந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றும். 2002இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திர விழா நடத்தி நடிகர் சங்கக் கடனை அடைத்தாரே, அந்தப் பெயர் ஒன்றே போதாதா?

செல்லூர் வாசகர்:
மேலே எழுதிய சகோதரிக்கு: போதாது. 2006இல் விருத்தாசலத்தில் தனியாக வென்றவர், 2011இல் தன்னையும் சேர்த்து 29 எம்.எல்.ஏ.க்களுடன் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். ஆலமரம் போல் வேரூன்றிய இரண்டு கட்சிகளுக்கு நடுவே அதைச் செய்ய எத்தனை நடிகர்களால் முடிந்தது? உங்கள் திண்ணையில் தண்ணீர் குடித்த பையன் ஏமாளி அல்ல. அவனைப் போன்றவர்களை ஒருவர் மதித்துக் கூப்பிட்டார், அதனால் வந்தான்.

அனுப்பானடி வாசகர்:
நான் அவரைத் தூரத்தில், வேனில் நின்று கையசைத்தபோது பார்த்ததோடு சரி. படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதுவேதான் கடைசித் தொழிலாளிக்கும் என்று வைத்திருந்தவர். அதனால் நினைவு நாளில் அன்னதானம் செய்கிறவர்களிடம் சில விஷயங்கள் சொல்கிறேன். மதியம் கோயில் வாசலில் கொடுக்காதீர்கள். அங்கே கொடுப்பதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ராஜாஜி மருத்துவமனைப் பக்கம் போங்கள். நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். சாம்பார் சாதத்தைச் சூட்டோடு கட்டினால் ஊசிப்போகும். ஆறவிட்டுக் கட்டுங்கள், அல்லது புளியோதரை செய்யுங்கள். வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். பொட்டலத்தில் அவர் படத்தையும் ஒட்ட வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் அது குப்பையில்தான் கிடக்கும், நாலு பேர் மிதிப்பார்கள்.