புது டொமைனிலிருந்து போகும் விளம்பர மின்னஞ்சல் ஸ்பேமில் விழுகிறது, உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மாவும் நானும் தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறோம். ஈப்போ, கிள்ளான் பக்கம் நிறைய வாடிக்கையாளர்கள்; எல்லாரும் தாங்களே மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்கள். போன மாதம் புது டொமைனுக்கு (மின்னஞ்சலில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) மாறியதிலிருந்து விளம்பர மின்னஞ்சல் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது. ஆர்டர் ரசீது மட்டும் ஒழுங்காக இன்பாக்ஸுக்குப் போகிறது, அதுதான் புரியவில்லை. இரண்டும் ஒரே முகவரியிலிருந்துதான் போகின்றன.

மின்னஞ்சல் உண்மையிலேயே எங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றும் பாஸ். மொத்தமாக அனுப்புவோருக்கு கூகுள் 2024-இல் கொண்டுவந்த விதியைப் பார்த்து, ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வைத்தாயிற்று. ரொம்ப நாளாகத் திறக்காதவர்களை நீக்கினேன், படங்களைக் குறைத்தேன். அனுப்புவது பகிர்ந்த ஐபி வழியாக, அதாவது வேறு பலரும் பயன்படுத்தும் சர்வர் முகவரி வழியாக. தீபாவளி ஆர்டரை நம்பித்தான் எங்கள் வருஷமே ஓடுகிறது.

விளம்பரத்துக்கு மட்டும் தனி சப்டொமைன் (எங்கள் டொமைனுக்குக் கீழே ஒரு துணைப் பெயர்) வைத்து, கொஞ்சமாக அனுப்பத் தொடங்கி மெல்லக் கூட்டினால் இது சரியாகுமா?