நைலான் கிட்டாரில் பயாத்தி: இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விழும் ரியை எப்படிப் பிடிப்பது?

நைலான்_ஆறு:
650 மி.மீ. ஸ்கேல் (அதிரும் ஸ்ட்ரிங்கின் நீளம்) உள்ள சாதாரண கிளாசிக்கல் கிட்டார். நாலாவது ஸ்ட்ரிங்கின் டி-யை ஆதார ஷட்ஜமாக வைத்து அரபு பயாத்தி மகாம் (நம் ராகம் போன்றது) வாசிக்க வேண்டும். மற்ற சுரங்கள் நடபைரவிதான். ரி மட்டும் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில். முதல் ஃப்ரெட்டிலிருந்து பெண்ட் பண்ணினால் (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்தால்) நிற்கவே மாட்டேன் என்கிறது. துருக்கிக் கிட்டார் கலைஞர் தோல்கஹான் சோவுலு வாசிக்கும் கிட்டாரில் ஃப்ரெட்டுகளே நகர்கின்றன. அதை வாங்காமல் வழி உண்டா?

மெட்டுப்பலகை:
பெண்ட் வேண்டாம். நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பட்டை) பக்கத்தில் ஸ்ட்ரிங் விறைப்பு. நைலானும் இழுக்கிற அளவுக்குச் சுருதி ஏறாது. கமகமாக ஓடுகிற ரிக்கு ஓகே, நின்று ஒலிக்க வேண்டிய ரிக்கு ஆகாது.

அந்த ஸ்ட்ரிங்குக்கு மட்டும் குட்டி ஃப்ரெட் வையுங்கள். ஃப்ரெட் வயரில் 7 மி.மீ. வெட்டி, அடியிலுள்ள நாக்கை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, மெல்லிய டபுள் சைடு டேப்பில் ஒட்டுங்கள். இடம்: நட்டிலிருந்து 54 மி.மீ. அங்கே 1 மி.மீ. நகர்ந்தால் சுமார் 3 சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளி 100 சென்ட்) மாறும், அதனால் கடைசித் திருத்தம் காதால்தான்.

சிக்கல் எல்லாம் உயரத்தில். குட்டி ஃப்ரெட் தாழ்ந்திருந்தால் ஸ்ட்ரிங் அதைத் தாண்டி இரண்டாவது ஃப்ரெட்டில் போய் உட்காரும். கேட்பது சதுஸ்ருதி ரி. உயர்ந்திருந்தால் முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போது இரையும். ஒரு நேர்விளிம்பு ஸ்டீல் துண்டை முதல் ஃப்ரெட், குட்டி ஃப்ரெட், இரண்டாவது ஃப்ரெட் மூன்றின் மேலும் வையுங்கள். ஆடினால் நடுவில் இருப்பதுதான் மேடு, ராவுங்கள்.

சுருதிப்பெட்டி:
மேல் ஸ்தாயி ரிக்கு ஒட்டு வேலையே வேண்டாம். முதல் ஸ்ட்ரிங் ஈ-யை 50 சென்ட் இறக்கினால் திறந்த ஸ்ட்ரிங்கே அந்த ரி, சுமார் 320 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த ஸ்ட்ரிங்கின் எல்லா ஃப்ரெட்டும் 50 சென்ட் இறங்கிவிடும். மேல் ஸ்தாயி காந்தாரத்தை இரண்டாவது ஸ்ட்ரிங்கின் ஆறாவது ஃப்ரெட்டில் எடுங்கள்.

சரியாக 50 சென்டில் ட்யூனர் முள் இரண்டு பெயருக்கு நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். ஏ=440-ஐ 427.5 ஆக்கிவிட்டு ஈ-க்குச் சேருங்கள். கிளிப் ட்யூனர்கள் பல அவ்வளவு கீழே இறங்காது. போன் ஆப் தேவைப்படும். முடிந்ததும் 440-க்கு மாற்ற மறந்தால் மற்ற ஐந்தும் நாசம்.

ஆறாவது ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கி ஸ–ப நாதம் மட்டும் விடுங்கள். ரி வரும் இடத்தில் கார்டு போட்டால் கடிக்கும்.

கோமா_9:
54 மி.மீ. என்பது சமமாகப் பிரித்த கால் சுரம். அதே குடும்பத்துத் துருக்கி மகாமான உஷ்ஷாக்குக்குப் போனால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரு முழுச் சுரம் 9 கோமா. ஏட்டில் ரி சதுஸ்ருதியிலிருந்து 1 கோமாதான் இறக்கம், அதாவது 64 மி.மீ. பக்கம். வாசிப்பில் அதைவிடக் கீழே போகும், அவரோகணத்தில் இன்னும். ஒட்டிய துண்டு இதற்கு ஈடுகொடுக்காது.

சோவுலு 2008-இல் வடிவமைத்த கிட்டார் இதற்காகத்தான்: ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் கீழே ஒரு தடம், அதில் ஃப்ரெட்டுகளை நகர்த்தலாம், கூட்டலாம், எடுக்கலாம். 2014 கத்மன் இசைக்கருவி வடிவமைப்புப் போட்டியில் அதற்கு முதல் பரிசு. இன்னொரு துருக்கிக் கலைஞர் எர்கான் ஓவுர் 1976-இலேயே ஃப்ரெட்டையே எடுத்துவிட்டார். ஆனால் ஃப்ரெட் இல்லாத நைலானில் விரல் சதை நாதத்தை விழுங்கிவிடும். மெதுவான தக்சீம் (ஆலாபனை போன்றது) வாசிக்க நகத்தால் அடிக்கடி மீட்ட வேண்டியிருக்கும்.

அரபுப் பயாத்தி மட்டும் போதுமென்றால் மெட்டுப்பலகை சொன்ன 7 மி.மீ. துண்டே போதும். சூப்பர் க்ளூ மட்டும் போடாதீர்கள். எடுக்கும்போது பலகைச் சிராய் பெயர்ந்து வரும்.