கிரெசாப்டவுன் 372-வது மிலிட்டரி போலீஸ் கம்பெனி: இவர்கள் எப்படி அபு கிரைப் போய்ச் சேர்ந்தார்கள்?

மலைரோடு:

வணக்கம். மேரிலாந்தில் ஃபிரெடரிக் பக்கம் இருக்கிறேன். போன சனிக்கிழமை இலை நிறம் மாறுவதைப் பார்க்கலாம் என்று குடும்பத்தோடு ஐ-68-இல் மேற்கே போனோம். கம்பர்லேண்டில் இறங்கி 220-ஆம் ரூட்டில் தெற்கே கொஞ்ச தூரம் போனதும் சின்னவன் அழ ஆரம்பித்தான். கிரெசாப்டவுன் என்ற ஊரில் நிறுத்தி காபி வாங்கினேன். ஊர் என்று பெயர்தான், கண் மூடித் திறந்தால் முடிந்துவிடும். பக்கத்திலேயே பெரிய சிறை ஒன்று, வளையம் வளையமாக முள்கம்பி.

பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. 2004-இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளியானபோது, அந்த வீரர்களின் யூனிட் இருக்கும் ஊர் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். நான் அப்போது கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தலையில் முக்காடு போட்டு, கைகளில் கம்பி மாட்டி, பெட்டி மேல் ஒருவரை நிற்க வைத்த படத்தை ஹாஸ்டல் டிவியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் கேள்வி படங்களைப் பற்றி அல்ல. இந்தச் சின்ன ஊரின் ரிசர்வ் யூனிட் எப்படி பாக்தாத் பக்கத்துச் சிறைக்குக் காவல் போனது? ரிசர்வ் என்றால் நம் என்.சி.சி. மாதிரியா? மிலிட்டரி போலீஸ் என்றால் சிறைக்காவலர்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீக்கடைபெஞ்சு:

இதில் என்ன விவரம்? மேலே இருந்தவன் சொன்னான், கீழே இருந்தவன் செய்தான், கீழே இருந்தவன் மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான் கதை.

சிவப்புபெரெட்:

பெஞ்சு சார் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மலைரோடு, என்.சி.சி. இல்லை. நம் ஊரில் இதற்கு ஒப்பு சொன்னால் டி.ஏ., டெரிட்டோரியல் ஆர்மி. பிழைப்புக்கு வேறு வேலை, மாதம் ஒரு வாரக்கடைசியும் வருடத்தில் இரண்டு வாரமும் சீருடை. உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நேஷனல் கார்டோடு குழப்பிக்கொள்ளாதே. அவர்களை மாநில ஆளுநரும் கூப்பிடலாம். ரிசர்வ் நேரே வாஷிங்டன் கையில்.

நான் நம் ராணுவத்தின் கோர் ஆஃப் மிலிட்டரி போலீஸில் 24 வருடம் இருந்து சுபேதாராக வெளியே வந்தவன். இப்போது வேலூர் பக்கம் வீடு, நாலு தென்னை. சிவப்பு பெரெட், வெள்ளை பெல்ட், கையில் கறுப்புப் பட்டை, அதில் சிவப்பு எழுத்தில் எம்.பி., அதாவது மிலிட்டரி போலீஸ். ரயில்வே பிளாட்பாரத்தில் எங்களைப் பார்த்தாலே லீவில் போகிற ஜவான் கழுத்துப் பித்தானைத் தேடுவான். ஆனால் எங்கள் வேலையில் பாதி புழுதி தின்பதுதான். கான்வாய் வரும் வழியில் முச்சந்தியில் நின்று வண்டியைத் திருப்பி விட வேண்டும். போர்க்கைதிகளை முன்னணியிலிருந்து பின்னால் கொண்டு வந்து சேர்ப்பதும் எங்கள் பொறுப்பில் வரும்.

அமெரிக்க எம்.பி.க்களும் ஏறக்குறைய இதே ஜாதிதான். 1941 செப்டம்பர் 26 அவர்கள் கோருக்குப் பிறந்தநாள். ஆனால் அவர்களிடம் யூனிட்டுகள் இரண்டு வகை. ஒன்று காம்பாட் சப்போர்ட்: சாலை, கான்வாய், ரோந்து. இன்னொன்று கைதி முகாமை நடத்தவே பயிற்சி பெற்றது. 372 முதல் வகை. சிறை நடத்த வந்தவர்கள் இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாகப் புரியும்.

2003 பிப்ரவரியில் அழைப்பு வந்தது. வர்ஜீனியாவில் ஃபோர்ட் லீயில் தயாராகி, மே மாதம் குவைத் போய், அங்கிருந்து ஈராக்கில் ஹில்லா. பழைய பாபிலோன் இடிபாடுகளுக்குப் பக்கத்து ஊர். அங்கே ரோந்து போனார்கள், ஈராக் போலீசுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தெரிந்த வேலை. அக்டோபரில்தான் அபு கிரைப். சதாம் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற சிறை அது. சுற்றுச்சுவருக்கு வெளியிலிருந்து மார்ட்டர் குண்டு விழுந்துகொண்டே இருக்கும். செப்டம்பரில் இரண்டு அமெரிக்க வீரர்கள் அப்படித்தான் செத்தார்கள்.

இவர்களுக்கு மேலே 320-வது பட்டாலியன். அதற்கும் மேலே நியூயார்க்கைச் சேர்ந்த 800-வது பிரிகேட். அதுவும் ரிசர்வ்தான், தளபதி ஜானிஸ் கார்பின்ஸ்கி. போர்க்கைதிகளைப் பார்த்துக்கொண்டு, சண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று வந்த பிரிகேட் அது. மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். அப்புறம் பார்த்தால் ஈராக்கின் சிறைகளை எல்லாம் நீங்களே நடத்துங்கள் என்று தலையில் கட்டினார்கள். 'வீட்டுக்குப் போகலாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஜவானை நிறுத்தி வைத்துப் பாருங்கள். அந்த யூனிட்டில் ஷூ பாலிஷிலிருந்து எல்லாம் கெட ஆரம்பிக்கும். இது என் கண்ணால் பார்த்தது.

கணக்கைப் பாருங்கள். 2003 அக்டோபரில் அபு கிரைப்பில் 7,000 கைதிகள் வரை. காவலுக்குச் சுமார் 90 எம்.பி.க்கள். பின்னால் இந்த விவகாரத்தை விசாரித்த ஷ்லெசிஞ்சர் குழு எழுதிய கணக்கு இது. ஒரு காவலருக்கு எழுபத்தைந்து கைதிக்கு மேல். கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ கைதி முகாமில் ஏறக்குறைய ஒருவருக்கு ஒருவர்.

இதற்கு நடுவில் குவாண்டனாமோ தளபதி மில்லர் வந்து பார்த்துவிட்டு, விசாரணைக்கு ஏற்ற சூழ்நிலையை உண்டாக்கிக் கொடுப்பதில் காவலர்களும் பங்கெடுக்க வேண்டும் என்று யோசனை சொல்லிப் போனார். நவம்பர் 19 அன்று அந்த வளாகமே 205-வது உளவுப் பிரிகேடின் கீழ் போனது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. காவல்காரன் வேலை கைதியை எண்ணுவது, சோறு போடுவது, காலையில் உயிரோடு கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது. கேள்வி கேட்பவன் வேறு ஆள். ஒருவன் வேலையை இன்னொருவனுக்குக் கொடுத்தால் இருட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒன்-ஏ என்ற செல் பகுதியில் ராத்திரி ஷிஃப்ட் 372-ஐச் சேர்ந்த கிரேனர், ஃபிரெடெரிக் என்ற இருவரிடம் போனது. காரணம் என்ன தெரியுமா? ஊரில் இருவருக்கும் சிவில் சிறையில் வேலை. அனுபவஸ்தர்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் இதையெல்லாம் சொல்லி அவர்களை விட்டுவிட மாட்டேன். ஆள் பற்றாவிட்டால் கைதிக்குச் சோறு லேட்டாகும், எண்ணிக்கை தப்பும். அவனை நிர்வாணமாக அடுக்கிப் படம் பிடிப்பதற்கும் ஆள் பற்றாக்குறைக்கும் என்ன சம்பந்தம்?

மலைரோடு:

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. படங்களை வெளியே கொண்டு வந்ததும் அதே கம்பெனி ஆள் என்று படித்தேன். அவர் என்ன ஆனார்?

வழக்குக்கட்டு:

ஜோசப் டார்பி. ஹில்லா நாட்களின் படம் வேண்டும் என்று கிரேனரிடம் கேட்டிருக்கிறார். ஊர் போனதும் வீட்டில் காட்ட, நம்மவர்கள் பென் டிரைவ் கேட்பார்களே, அதுமாதிரி. கிரேனர் குறுந்தகடுகளைக் கொடுத்தார். ஹில்லா படங்களோடு இவையும் அதில் இருந்தன. 2004 ஜனவரி 13 அன்று ராணுவப் புலனாய்வுப் பிரிவிடம் கொடுத்தார். முதலில் பெயர் சொல்லாமல் ஒரு கவரில்; அப்புறம் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். பெயர் வெளியே வராது என்று உறுதி சொல்லியிருந்தார்கள். மே 7 அன்று செனட் குழு முன்னால் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பெயர் சொல்லி நன்றி சொன்னார், டிவியில் நேரலை. டார்பி அப்போது ஈராக்கில் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சொந்த ஊரில் குடியிருக்கவே முடியவில்லை. துரோகி என்றவர்கள் இருந்தார்கள்.

தண்டனை: 372-ஐச் சேர்ந்த ஏழு பேர் மேல் வழக்கு. கிரேனருக்குப் பத்து வருடம், ஃபிரெடெரிக்குக்கு எட்டு, லிண்டி இங்லண்டுக்கு மூன்று. இவர் காவலர்கூட இல்லை, அலுவலக கிளார்க். கார்பின்ஸ்கி 2005-இல் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். அவர் உட்பட மேலதிகாரிகள் யாரும் சிறைக்குப் போகவில்லை. அந்த வகையில் பெஞ்சு சொன்னது சரிதான்.

இன்னொன்று. சிறையையே இடித்துவிடலாம் என்று புஷ் அறிவித்தார். ராணுவ நீதிபதி, அது குற்றம் நடந்த இடம், தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

நீங்கள் பார்த்த முள்கம்பி மாநிலச் சிறை. அந்த இடத்தில் முன்பு செலனீஸ் நூலிழை ஆலை இருந்தது. எண்பதுகளில் மூடினார்கள். கம்பர்லேண்டில் டயர் ஆலையும் போனது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு வாரக்கடைசி ரிசர்வ் பணம், கல்லூரிக் கட்டண உதவி என்றால் லேசான விஷயம் இல்லை.

டீக்கடைபெஞ்சு:

சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கிளார்க் விஷயம் எனக்குத் தெரியாது. சுபேதார் ஐயா, இந்த அறிக்கையை எல்லாம் நாம் படிக்க முடியுமா?

சிவப்புபெரெட்:

ராணுவமே நடத்திய விசாரணையின் டகூபா அறிக்கை நெட்டிலேயே கிடைக்கிறது. ஜெனரல் டகூபா மணிலாவில் பிறந்தவர். இணைப்புகளை விட்டால் 53 பக்கம். ராணுவ பாஷை, முதல் பத்துப் பக்கம் தூக்கம் வரும். விடாதீர்கள். முடிவுக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது, நன்றாக நடந்துகொண்டவர்கள் என்று. டார்பி அதில் இருக்கிறார். கிம்ப்ரோ என்ற கடற்படை நாய்க் காவலரும் இருக்கிறார். முறையற்ற விசாரணையில் பங்கெடுக்கச் சொல்லி நெருக்கியும் மறுத்தவர். அதே 800-வது பிரிகேடைச் சேர்ந்த 530, 744 என்று இரண்டு பட்டாலியன்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே ரிசர்வ், அதே வெயில்.

2004-இல் பேப்பரில் அந்தப் படங்களைப் பார்த்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் கைப்பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இரண்டு எழுத்துதான்.