தாடை முடிக்கு லேசர்: நம்ம நிறத்துக்கு டயோடா, யாகா?

கேள்வி: கயல்27

வயது 27, மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. தாடையிலும் அதற்குக் கீழே கழுத்திலும் தடித்த முடி. நாலு வருஷமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை த்ரெட்டிங். காதோரம், கன்னத்தில் பூனைமுடி மட்டும்தான். மாதவிடாய் 40, 45 நாளுக்கு ஒருமுறை வரும்.

ஒரு பார்லரில் 808 டயோடு லேசர், 6 சிட்டிங்கில் "பெர்மனன்ட்" என்கிறார்கள். ஒரு ஸ்கின் கிளினிக்கில் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு என்கிறார்கள், கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு. எது சரி? த்ரெட்டிங்கை எப்போது நிறுத்த வேண்டும்? கன்னத்தையும் சேர்த்துச் செய்யலாமா?

டெர்ம்_எம்டி

முதலில் த்ரெட்டிங். இன்றே நிறுத்துங்கள், 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் லேசர். ஒளியை உறிஞ்சுவது முடியிலுள்ள மெலனின் நிறமி. அங்கே பிறக்கும் சூடு வேர்ப்பைக்குப் பரவி, முடியை மறுபடி வளர்க்கும் செல்களை அழிக்க வேண்டும். அந்தச் செல்களில் நிறமி அவ்வளவாக இல்லை, முடி வழியாகத்தான் அவற்றுக்குச் சூடு போகிறது. முடி இங்கே விளக்குத் திரி மாதிரி. நூல், வாக்ஸ், பிளக்கர் மூன்றுமே திரியை உருவிவிடும். ஷேவிங்கில் திரி உள்ளேயே இருக்கும், அதனால் இடைப்பட்ட நாளில் ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் முடி தடிக்காது. நுனி மழுங்கலாக வெட்டுப்படுவதால் கையில் சொரசொரவென்று படும், அவ்வளவுதான்.

நிறமியைக் குறிவைத்துச் சுடும் இந்தக் கொள்கையை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் வெளியிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் நம் மேல்தோலிலும் நிறைய இருக்கிறது. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசரை அது மிக அதிகமாக உறிஞ்சும், 1064 யாகை மிகக் குறைவாக. 808 டயோடு இடையில். உங்கள் நிறத்துக்கு யாக் பரிந்துரைத்தது அதனால்தான்.

ஆனால் டயோடு என்றாலே ஆபத்து என்றும் சொல்ல மாட்டேன். மேல்தோல் வாங்கிய சூட்டைச் சில மில்லிசெகண்டில் விட்டுவிடும், தடித்த முடியின் வேர்ப்பைக்குப் பல பத்து மில்லிசெகண்ட் ஆகும். 30 மில்லிசெகண்டுக்குக் குறையாத நீண்ட பல்ஸ் (ஒளி ஒருமுறை பாயும் நேரம்), கூடவே நல்ல குளிரூட்டல் என்றால் தோல் தப்பிக்கும், வேர் வேகும். அந்த இரண்டையும் தெரிந்து கையாளும் ஆள் கையில் டயோடு மாநிறத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றே பட்டன் வைத்த பார்லர் மெஷினில் பல்ஸ் அகலம் திரையிலேயே வராது.

"யாக் இருக்கு" என்று சொன்னால் இன்னொன்றும் கேளுங்கள்: லாங் பல்ஸா, க்யூ-ஸ்விட்சா? டாட்டூ அழிக்கவும் கார்பன் ஃபேஷியலுக்கும் வைத்திருப்பது க்யூ-ஸ்விட்ச். அலைநீளம் அதே 1064தான், ஆனால் பல்ஸ் நானோசெகண்ட் கணக்கு. நிறமித் துகள் உடையும், வேர்ப்பை வேகாது. மூன்று மாதத்தில் முடி பழையபடி வந்து நிற்கும்.

ஹேண்ட்பீஸ்

சிட்டிங் அன்னிக்கு என்ன நடக்கும்னு சொல்றேன்.

முந்தின நாள் ஷேவ். மழுங்க எடுக்கணும். மேலே அரை மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு இருந்தாலும் அந்த முடி தோல் மேலேயே கருகும், கீழே போக வேண்டிய சூடு அங்கேயே செலவாயிடும். முகத்துல பவுடர், சன்ஸ்கிரீன், மஞ்சள் எதுவும் இருக்கக் கூடாது. மச்சம் இருந்தா வெள்ளைப் பென்சில்ல மூடிட்டு அதை விட்டுட்டு அடிக்கணும். கண்ணுக்குப் போடுற கண்ணாடி அந்த அலைநீளத்துக்கு உரியதா இருக்கணும், ஓரத்துல 808ன்னோ 1064ன்னோ அச்சடிச்சிருக்கும். கூலிங் கிளாஸைக் கொடுத்தா எழுந்து வந்துடுங்க. கண்குழி எலும்புக்கு உள்ளே யாரும் அடிக்கக் கூடாது, புருவத்துக்குக் கீழேயும்தான். இமை வழியா ஒளி போயி கருவிழிப் படலத்தையே கெடுத்திருக்கு.

முதல் நாள் டெஸ்ட் ஸ்பாட் மட்டும்: தாடைக்கு அடியில ரெண்டு மூணு ஷாட். குறைஞ்சது 48 மணி நேரம், நம்ம நிறத்துக்கு ஒரு வாரம் பார்த்துட்டு மீதி. தீக்காயத்தோட கறுப்பு உடனே தெரியாது, மெதுவாத்தான் வரும்.

சரியா விழுந்த ஷாட் எப்படி இருக்கும்னா, சில நிமிஷத்துல ஒவ்வொரு முடித்துளையைச் சுத்தியும் சின்னதா வீங்கி, புல்லரிச்ச தோல் மாதிரி சிவப்பாத் தெரியும். முடி கருகுற வாடை வரும். தோல் வெளுத்தாலோ சாம்பல் பூத்தாலோ உடனே நிறுத்தணும். யாக் நல்லாவே சுரீர்னு இருக்கும், டயோடு அதைவிடக் குறைவு. தாடைக்கு மொத்தமே பத்து நிமிஷம். மரப்பு க்ரீம் வேணும்னா அந்த இடத்துக்கு மட்டும். கால் முழுக்கப் பூசி பாலிதீன் சுத்துறது கொலைப் பழக்கம், அதுல இருக்கிற லிடோகைன் மரப்பு மருந்து ரத்தத்துல ஏறி உயிரே போயிருக்கு. அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007லேயே எச்சரிச்சது.

கோடு கோடா, இல்லேன்னா சின்னச் செவ்வகமா தீக்காயம் பட்டவங்க படம் நிறையப் பார்த்திருப்பீங்க. காரணம் பெரும்பாலும் மூணு. தாடை எலும்பு வளைவுல ஹேண்ட்பீஸ் (தோல்ல வச்சு அடிக்கிற லேசர் கைப்பிடி) ஒரு ஓரம் தூக்கிக்கும், அந்த ஓரத்துக்குக் குளிர் போய்ச் சேராது. ஜெல் காஞ்சிருக்கும். கருகின முடி ஹேண்ட்பீஸ் நுனியில இருக்கிற சஃபையர் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, அடுத்தடுத்த ஷாட்டுல அதுவே சூடேறித் தோலைச் சுடும். சில ஷாட்டுக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கிறாங்களான்னு பாருங்க. ஆள் எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும்.

சுரப்பியல்

மெஷினைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். கேள்வியில் முக்கியமான வரி "40, 45 நாள்" என்பது. தாடை முடியும் தள்ளிப்போகும் மாதவிடாயும் சேர்ந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்காமல் லேசருக்குப் பணம் கட்டாதீர்கள்.

மாதவிடாய் தொடங்கிய 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலையில் ரத்தம் கொடுங்கள்: மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, டிஎச்இஏஎஸ், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், டிஎஸ்எச், புரோலாக்டின். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பார்த்தால் எண்கள் தப்பாக வரும். சில மாதத்துக்குள் முடி மளமளவென்று பெருகி, குரலும் தடித்தால் அது வேறு விஷயம், காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இருக்கிற வேர்ப்பையை மட்டும்தான் லேசர் அழிக்கும். ஆண்ட்ரோஜன் (ஆண்தன்மை ஹார்மோன்) கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தால் இன்றைய பூனைமுடி நாளைக்குத் தடித்த முடியாகும், கிளினிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. மருந்து தொடங்கினாலும் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் பிடிக்கும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கொடுத்தால் அந்தக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது.

"பெர்மனன்ட்" பற்றி: எஃப்டிஏ இந்த மெஷின்களுக்கு அனுமதிக்கும் சொல் நிரந்தரக் குறைப்பு. முடி எண்ணிக்கை குறைந்து, அந்தக் குறைவு நீடிக்க வேண்டும், அவ்வளவே. ஒன்றுகூட வராது என்று பொருள் இல்லை. முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளியில் 6 முதல் 8 சிட்டிங், பிசிஓஎஸ் இருந்தால் அதன் பிறகும் அவ்வப்போது ஒன்று. இடைவெளி எதற்கென்றால், வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் லேசருக்கு மசியும், தூங்கும் முடி விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை வரச் சொன்னால் உங்கள் நேரமும் அவர்கள் பேக்கேஜும்தான் கரையும்.

டெர்ம்_எம்டி

கன்னத்தைப் பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று. பூனைமுடியில் லேசரை வைக்கவே வேண்டாம். கன்ன ஓரத்திலும் கழுத்திலும் மெல்லிய முடியாக இருந்தது லேசருக்குப் பின் தடித்து வளர்வதுண்டு, நம்மைப் போன்ற நிறத்தவருக்கும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் கூடுதலாக. வேரை அழிக்கப் போதாத அரைகுறைச் சூடு அதை உசுப்பிவிடுகிறது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். "முழு முகம்" பேக்கேஜை வேண்டாமென்று சொல்லுங்கள். தடித்த முடி இருக்கும் இடத்துக்கு மட்டும் எல்லை வரைந்து, அதைச் சுற்றி ஐஸ் பேக் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பூனைமுடிக்கு முக ரேஸர் போதும்.

கயல்27

நன்றி. ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த சுழற்சியில் போகிறேன். ஒன்று சொல்லவில்லை: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய நிறம் வெளுக்கும் க்ரீம் எட்டு மாதமாக முகத்தில் போடுகிறேன். லேசருக்கு அது தடையா?

டெர்ம்_எம்டி

ட்யூபைத் திருப்பி மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், முடியும் வளரும். உங்கள் முடியில் ஒரு பங்கு அதனாலேயே இருக்கலாம். மெலிந்த தோலில் லேசர் பட்டால் சுட்டுப்போகும். அதற்காக இன்றே தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து பருக்கள் கிளம்பும், படிப்படியாகத்தான் விட வேண்டும். தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபோடு போங்கள். பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்தாலும் சொல்லுங்கள்.

ஹேண்ட்பீஸ்

அப்போ லேசர் சில மாசம் தள்ளித்தான். பரவாயில்லை, அதுவரைக்கும் ஷேவ்.

பண்ணின பிறகு: அன்னிக்கு ஐஸ் பேக், கற்றாழை ஜெல். ஒரு வாரம் ஆவி பிடிக்கறது, ப்ளீச், ஸ்க்ரப், கடலை மாவு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். வெயில்ல போனா எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்கிரீன். அஞ்சாறு நாள்ல முடி வளர்ற மாதிரி கறுப்புப் புள்ளியா எட்டிப் பார்க்கும், "வேலை செய்யலை"ன்னு பாதிப் பேர் போன் பண்றது அப்போதான். அது கருகின முடி வெளியே தள்ளப்படுறது, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள தானா உதிரும். பிடுங்காதீங்க. கொப்புளமோ பொருக்கோ வந்தா மட்டும் அன்னிக்கே கூப்பிடுங்க.

ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அலைநீளம், ஸ்பாட் அளவு (ஒளி படுற இடத்தோட அளவு), ஜூல் (ஆற்றல்), பல்ஸ் அகலம் நாலையும் உங்க அட்டையில எழுதி வாங்கிக்குங்க. வேற மெஷின்ல அதே ஜூலை வைக்கச் சொல்ல இல்லை, ஸ்பாட் மாறினா ஆழமே மாறிடும். அடுத்த தடவை வேற ஆள் வந்தா, போன தடவை எதுல நின்னீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்.

சுரப்பியல்

நரைமுடி தாடையில் ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு எந்த லேசரும் பிடிக்காது, நிறமியே இல்லையே. ஊசி வழி மின்சாரம் செலுத்தி வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான்.