பி.சி.வி. குலுக்கல் சோதனை: படிவு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தடுப்பூசிப் பணியில் இருப்பவர்களே, ஒரு உதவி. நிமோகாக்கல் தடுப்பூசி (பி.சி.வி.) வந்த குளிர்ப்பெட்டியில் (கேரியர்) ஐஸ் பேக்கை வியர்க்க விடாமலே வைத்துவிட்டார்கள். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், சத்தமே இல்லை. குப்பிகள் இப்போது திரவமாகத்தான் இருக்கின்றன. ஆனால் வழியில் உறைந்து உருகியிருந்தால் அதிலுள்ள அலுமினியம் பாஸ்பேட் திரிந்து வீரியம் போயிருக்கும். குப்பியில் உள்ள நிறம் மாறும் குறி (வி.வி.எம்.) சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

உறைந்து உருகியது சீக்கிரம் படியும் என்பதால், குலுக்கல் சோதனைக்காக அதே பேட்ச் குப்பி ஒன்றை உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி 30 நிமிடம் பார்த்தோம். படியும் வேகத்தில் வித்தியாசம் பிடிபடவில்லை. வெளிச்சம், பின்னணி எப்படி வைக்கிறீர்கள்? வீடியோ இருந்தால் போடுங்கள். தெளிவாகும்வரை அந்தக் குப்பிகள் தனியாகத்தான் இருக்கும். புதன்கிழமை 6, 14 வாரக் குழந்தைகள் வருகிறார்கள்.