ஜிப் பிரித்ததும் கூடவே வரும் வேண்டாத கோப்புகள்

கேள்வி:
வணக்கம். திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். என்னிடம் இருப்பது விண்டோஸ். புகைப்படக்காரர் ஆப்பிளின் மேக் கணினியிலிருந்து அனுப்பும் ஜிப்பை, அதாவது சுருக்கிய கோப்பைப் பிரித்தால் ‘மேக்ஓஎஸ்எக்ஸ்’ என்றொரு கோப்புறையும் வருகிறது. அதற்குள் ஒவ்வொரு படத்தின் பெயரிலும் ஒரு கோப்பு, முன்னால் புள்ளியும் அடிக்கோடும். ஆல்பம் மென்பொருள் அவற்றையும் படமென்று எடுத்து, திறக்க முடியாமல் நின்றுவிடுகிறது. துடைப்பதற்கு ஒரு ஷேர்வேர் கிடைத்தது. சில நாள் கழித்துப் பணம் கேட்கிறது. வாங்கலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி. அந்தக் கோப்புறையை முழுதாக அழித்துவிடுங்கள், படத்துக்கு ஒன்றும் ஆகாது. மேக் தன் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும் கூடுதல் விவரங்கள்தான் அவை.

ஆனால் பென் டிரைவில் நேரடியாக வாங்கினால் கவனம். அங்கே அதே கோப்புகள் படங்களுக்கு நடுவிலேயே கிடக்கும். பெயரின் கடைசியில் ஜேபெக் என்றுதான் இருக்கும். அளவு வாரியாக அடுக்குங்கள்: படம் பல எம்பி, இவை பெரும்பாலும் சில கேபி. பெயரின் தொடக்கத்தையும் பார்த்த பிறகே கைவையுங்கள். இன்னொருவர் வீட்டுத் தாலி கட்டும் படம் அது. போனால் மறுபடி எடுக்க முடியாது.

பதில்:
அண்ணன் சொல்வது சரி. ஜிப் பிரிக்கும் செவன்-ஜிப் மென்பொருள் இலவசம், கட்டளை வரியில் (கட்டளையைத் தட்டச்சு செய்து) அந்தக் கோப்புறையை விலக்கிவிட்டே பிரிக்கலாம். புகைப்படக்காரர் மேக்கில் கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஜிப் கட்டளையால் சுருக்கி அனுப்பினால் அந்தக் கோப்புறை உருவாகவே உருவாகாது.

கேள்வி கேட்டவர்:
அழித்துவிட்டேன், ஆல்பம் திறக்கிறது. புகைப்படக்காரரிடமும் சொல்கிறேன். மிக்க நன்றி.